மழைக்குக் காத்திருக்கும் உயிர்கள்

நுழையும்முன்

மேற்குத்தொடர்ச்சி மலையின் மண்ணுக்கடியில் வாழ்வது ஊதாத் தவளை. மரப்பட்டையிலும் பாறையிலும் படர்வது கல்பாசி. உருவத்தால் முற்றிலும் வேறுபட்ட இவ்விரண்டும் வாழும் முறையால் ஒன்றுபடுவதை இப்பாடம் விளக்குகிறது.

மண்ணுக்குள் ஒரு வாழ்வு

ஊதாத் தவளையை எஸ். டி. பிஜு உள்ளிட்ட அறிவியலாளர்கள் 2003ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினர். உப்பிய உடலும் கூரிய மூக்கும் கொண்ட இத்தவளை, ஆண்டின் பெரும்பகுதியை நிலத்தடியிலேயே கழிக்கிறது; கறையான்களை உண்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில், இனப்பெருக்கத்திற்காகச் சில நாள்கள் மட்டும் வெளிவருகிறது. இதன் நெருங்கிய உறவினங்கள் கடல்கடந்த சீசெல்சுத் தீவுகளில் வாழ்கின்றன. அத்தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலப்பரப்பாக இருந்த தொல்பழங்காலத்திற்கு இவ்வுறவு சான்றாகிறது.

ஈருயிர் ஓருடல்

செட்டிநாட்டுச் சமையலுக்கு மணமூட்டும் கல்பாசி, பெயரால் பாசியாயினும் உண்மையில் ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் கூட்டுயிர் அது. பூஞ்சை உறைவிடமளித்து ஈரம் காக்கிறது. பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு ஆக்குகிறது.

வேற்றுமையும் ஒற்றுமையும்

வறட்சி வந்தால் தவளை மண்ணுள் ஒளிந்துகொள்கிறது. இடம்பெயர இயலாத லைக்கனோ உலர்ந்து உறங்குகிறது. ஈரம் பட்டதும் மீண்டும் உயிர்ப்புறுகிறது.

எனினும், இரண்டுக்கும் உடலின் மேற்பரப்பே வாயில். தவளை தன் தோலின் வழியே நீரை உறிஞ்சுகிறது. உயிர்வளியின் ஒரு பகுதியையும் பெறுகிறது. நீரை உறிஞ்சும் வேர்கள் லைக்கனுக்கு இல்லை. மழையும் பனியும் காற்றும் கொணர்வதை அது உடல் முழுவதாலும் ஏற்கிறது. நன்மைக்குத் திறந்த இவ்வாயில் நஞ்சுக்கும் திறந்தே இருக்கிறது. பூச்சிக்கொல்லி கலந்த நீர் தவளையையும், கந்தக டைஆக்சைடு கலந்த காற்று லைக்கனையும் எளிதில் தாக்குகின்றன. பாரிசு நகரில் லைக்கன்கள் அருகியிருப்பதற்கும் காற்றின் தன்மைக்கும் தொடர்புண்டு என வில்லியம் நைலாண்டர் 1866இலேயே சுட்டினார்.

காற்றின் மாசினைக் கருவிகள் அளந்து கூறும். அம்மாசு உயிரை என்ன செய்யும் என்பதை இவ்வுயிர்கள் தம் உடலாலேயே உணர்த்துகின்றன. ஆயினும் கல்பாசி மிக மெதுவாக வளர்வது. ஒரு நாளில் சுரண்டியெடுத்தது மீண்டும் படரப் பல்லாண்டுகள் ஆகும். ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைகளோ விரைந்தோடும் ஓடைகளின் பாறைகளைப் பற்றியே வளர்கின்றன. ஓடை வற்றினால் அத்தலைமுறைக்கு வாழ்வில்லை. எச்சரிக்கும் உயிர்களைக் காப்பது நம்மைக் காத்துக்கொள்வதே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. சாலையோர மரங்களிலும் தோப்பு மரங்களிலும் காணப்படும் லைக்கன்களைப் பறிக்காமல் உற்றுநோக்கி, ஒப்பிட்டுக் குறிப்பெழுதுக.
2. ‘மேற்பரப்பே வாயில்’ என்னும் கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.