கவ்வியதை விடச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மாடியில் காயும் உப்புக்கண்டத்தைக் காக்கைக்கு முன்பே நாய் கண்டுபிடித்துவிடும். காரைக்குடி, கோவிலூர்ப் பக்கம் இது புதிதல்ல. ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு அது வளவுக்குள் ஓட, பின்னாலேயே வீடே ஓடும். நாய்க்கு இதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. அதிலும் சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் முயல் விரட்ட வளர்க்கப்பட்ட இனங்கள். முயல் வேட்டை இன்று குற்றம்தான்; சட்டம் நாய்க்குத் தெரியுமா?

அதனால் துரத்தாதீர்கள். வாயைப் பிளந்து பிடுங்கவும் வேண்டாம். பிடுங்கிப் பழக்கினால் அடுத்த முறை அவசரமாக விழுங்கிவிடும்.

முதலில் சொல்லை முடிவு செய்யுங்கள். அப்பத்தா 'போடுடா' என்றும் பேரன் 'டிராப்' என்றும் கத்தினால் நாய் குழம்பும். எல்லோருக்கும் 'விடு' போதும்.

உப்பு, மசாலா இல்லாமல் அவித்த கோழிக்கறியை எலும்பு நீக்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் ஆசைப்படாத பொருள் ஒன்றை, முடிச்சுப் போட்ட பழைய துண்டு மாதிரி, கவ்வக் கொடுங்கள். கறியை மூக்கருகே கொண்டுபோங்கள். பேச வேண்டாம். வாய் தளர்ந்து துண்டு விழுந்ததும் 'சபாஷ்' சொல்லிக் கறியைக் கொடுங்கள். பிறகு துண்டையும் திருப்பிக் கொடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விட்டால் போயே போய்விடும் என்று நாய் முடிவு கட்டிவிட்டால் அப்புறம் கெஞ்சினாலும் விடாது.

மூக்கருகே கை வந்ததுமே விடுகிறதா? இனி 'விடு' என்று ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில் சொல்லி, ஒரு விநாடி விட்டுக் கறியைக் காட்டுங்கள். சொல் முன்னால், கறி பின்னால். இந்த வரிசை மாறக்கூடாது. சொன்னதுமே விடத் தொடங்கியபின் கறியைக் காட்டாமல் மறைத்து வைத்து, விட்ட பிறகு எடுத்துக் கொடுங்கள்.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். துண்டில் தேறினால் பந்து, கொட்டாங்கச்சி, கடைசியில் செருப்பு. முற்றத்தில் கேட்கும் நாய் தெருவில் கேட்காது. அங்கே மறுபடி முதலிலிருந்து, நல்ல கறியோடு. நான்கு முதல் ஆறு மாதக் குட்டிக்குப் பல் முளைக்கும் காலம், கடித்தே தீரும். கடிக்க வேறு ஏதாவது கொடுத்துவிட்டுப் பழக்குங்கள்.

வேகவைத்த எலும்பைக் கவ்விவிட்டால் பாடம் நடத்த நேரமில்லை. சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஒரு கைப்பிடிக் கறியைத் தள்ளித் தரையில் இறையுங்கள். அது பொறுக்கும்போது எலும்பை அப்புறப்படுத்துங்கள்.

உடல் விறைத்து, ஓரக்கண்ணால் பார்த்து உறுமினால் கையை நீட்டாதீர்கள். உறுமியதற்காக அடிக்கவும் கூடாது. அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். அப்படிப்பட்ட நாயிடம் பிள்ளைகளை விடாமல் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.