கடமைப் பட்டியலோடு 42 கிலோமீற்றர்

2018 ஏப்ரல் 16 அன்று பொஸ்டன் மரதனில் ஆண்களில் முதலாவதாக வந்தவர் ஓர் எழுதுவினைஞர். ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் அரச பாடசாலை ஒன்றின் அலுவலகத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டிருந்த யூகி கவாவுச்சி, கொட்டும் குளிர்மழையிலும் எதிர்காற்றிலும் 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் ஓடி முடித்தார். பெண்களில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் மயக்கமருந்துப் பிரிவில் வேலை செய்துவந்த தாதி. ஓட்டத்தையே தொழிலாகக் கொண்ட பலர் அன்று பாதி வழியில் விலகிவிட்டார்கள்.

கவாவுச்சியின் கால்கள் நமக்கு வராது. அவருடைய நேரசூசி வரும். வேலை மதியத்துக்குப் பிறகு தொடங்கி இரவு ஒன்பது மணியைத் தாண்டும் என்பதால், அவர் காலையில் ஒரே ஒரு தடவைதான் பயிற்சி செய்தார். தொழில்முறை வீரர்கள் நாளுக்கு இரண்டு தடவை ஓடிய காலத்தில் அவர் வேலையோடு மல்லுக்கு நிற்காமல், வேலை விட்டுவைத்த நேரத்தில் ஓட்டத்தை வைத்துக்கொண்டார். மன்னாரில் கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் போய்வருகிறவர் அரை மரதன், மரதன் என்று ஆசைப்பட்டால் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். நீங்கள் ஓடி முடிப்பீர்களா என்பதைப் பெரும்பாலும் உங்கள் கடமைப் பட்டியல் தீர்மானிக்கும். கால் அதற்குப் பிறகுதான்.

ஆகவே பயிற்சி அட்டவணையை இணையத்தில் தேடுவதற்கு முன் உங்கள் வாரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் இருப்பவருக்கு எட்டரைக்கு வேலை. விடிய ஐந்து மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் ஒரு மணித்தியாலம் தாராளமாகக் கிடைக்கும். ஆசிரியருக்கு அந்தக் காலை இல்லை, ஏழரைக்குப் பாடசாலை தொடங்கிவிடும். அவருக்கு மாலைதான் வசதி. ஆனால் ஐந்து மணிக்கும் தார் வீதி சூடு கக்கிக்கொண்டிருக்கும் என்பதால் வெயில் சாய்ந்த பிறகே இறங்க வேண்டும். இரவுக் கடமை முடித்து வரும் தாதி அன்று ஓடவே கூடாது. தூங்கி எழுந்து மறுநாள் ஓடலாம். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகத் திரியும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு நாரி பிடித்துக்கொள்ளும். அவர்கள் ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் நடப்பது கட்டாயம்.

கிழமைக்கு நான்கு நாள் போதும். மூன்று நாள் முப்பது நாற்பது நிமிடம், ஒரு நாள் நீண்ட ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு கதைத்துக்கொண்டே போகக்கூடிய வேகமே சரியான வேகம். மூச்சு வாங்கிக் கதை அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். நீண்ட ஓட்டத்தைக் கிழமைக்கு இரண்டு கிலோமீற்றருக்கு மேல் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு நான்காவது கிழமையும் குறைத்து ஓடுங்கள். நிற்காமல் 5 கிலோமீற்றர் ஓடக்கூடியவர் நான்கு மாதத்தில் அரை மரதனுக்கு, அதாவது 21 கிலோமீற்றருக்கு, தயாராகலாம். முழு மரதனுக்குக் குறைந்தது ஒரு வருடம் கொடுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவரும், சீனி, பிரஷர் உள்ளவரும் முதலில் வைத்தியரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே தொடங்க வேண்டும்.

வயது போய்விட்டது என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். பக்கத்து முல்லைத்தீவில் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023 இல், தம்முடைய 72 ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வன்னி மண்ணில் நடந்தும் ஓடியும் வாழ்ந்த உடம்பு அது.

நம்முடைய வீதி

மன்னார்த் தீவில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. புதிதாக ஓடுபவருக்கு இது வரம்போலத் தெரியும். உண்மையில் சமதரை கடுமையான வாத்தியார். மேடு பள்ளத்தில் தசைகள் மாறி மாறி வேலை செய்யும். இங்கே ஒரே தசைநார் ஒரே விதமாக ஆயிரக்கணக்கான தடவை இழுபடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகத் தொடங்கினால் நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் நாலு நாள் நோவு நாலு மாத நோவாகும்.

பிறகு காற்று. இலங்கை மின்சார சபை தீவின் தென்கரை நெடுகிலும் 30 காற்றாலைகளை நிறுத்தியதற்குக் காரணமான அதே காற்றுத்தான். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். நகரிலிருந்து பேசாலை, தலைமன்னார் போகும் வீதி வடமேற்கே நீள்வதால் காற்று பெரும்பாலும் இடப்பக்கமாக வந்து தாக்கும், திரும்பும்போது வலப்பக்கமாக. போகும்போது எதிர்த்தால் வரும்போது தள்ளும் என்ற கணக்கு இங்கே செல்லாது. இரண்டு பக்கமும் உழைப்புத்தான். சோளக நாளொன்றில் பேசாலை தாண்டி ஓடிவிட்டு உங்கள் சட்டையைப் பாருங்கள். காற்றுப்பட்ட பக்கம் காய்ந்து, உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். மறுபக்கம் ஈரமாக முதுகோடு ஒட்டியிருக்கும். காய்ந்த பக்கத்தை நம்பி, வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் ஓடுவதே இங்குள்ளவர்கள் சறுக்கும் இடம். வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கிறது; காற்று அதைக் கண்ணில் காட்டுவதில்லை.

கொழும்பில் ஓடப் போகிறவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஈரப்பதன் கூட, காற்றோட்டம் குறைவு. வியர்வை காயாது, உடம்பு ஆறாது. மன்னாரில் சுகமாக ஓடிய வேகம் கொழும்பில் பதினைந்தாவது கிலோமீற்றரிலேயே நெஞ்சை அடைக்கும். அங்கே தொடக்கத்திலிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதிய வெக்கைக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். முதல் நாள் இரவு பஸ்ஸில் போய் இறங்குகிறவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

தள்ளாடியிலிருந்து நகருக்கு வரும் தாம்போதி ஏறக்குறைய 3 கிலோமீற்றர். இரண்டு பக்கமும் கடல்நீர், ஒரு மர நிழல் இல்லை. வேகம் பழக நல்ல இடம், ஆனால் விடிகாலையில் மட்டும். நகரிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அந்தத் தூரம் மரதன் பழகுபவருக்கு அளந்து வைத்ததுபோல வாய்த்திருக்கிறது. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாச்சத்து பலருக்கு முப்பதாவது கிலோமீற்றரை ஒட்டித்தான் தீர்ந்துபோகிறது. அதுவரை இலகுவாக ஓடிய கால்கள் திடீரென்று சொல்வழி கேட்காது. இறங்குதுறையில் போய் நின்று, இன்னும் 12 கிலோமீற்றர் மீதி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். மரதன் என்றால் என்னவென்று அப்போது விளங்கும். போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் ஒரு தடவை அந்த முழுத் தூரத்தையும் ஓடி முடியுங்கள். திரும்பிவரப் பஸ் இருக்கிறது. அதற்குப் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசிக் கிழமையில் கூட்டி ஓடுவதால் ஒரு நன்மையும் இல்லை.

வீதியின் வலப்பக்கமாக, வாகனங்களுக்கு முகம் கொடுத்து ஓடுங்கள். விடியமுன் என்றால் வெள்ளைச் சட்டையும் ஒரு சிறிய டோர்ச்சும் வேண்டும். இருட்டில் நடுவீதியில் கழுதைகள் நிற்கும் ஊர் இது. அவற்றுக்கு விலகிப்போகும் லொறி உங்கள் பக்கம் வரும்.

தண்ணீர், சாப்பாடு, மாத்திரை

குடிக்காமல் ஓடுவது எவ்வளவு ஆபத்தோ, அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் அவ்வளவு ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005 இல் வெளியானது. அவர்களில் 13 வீதமானோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அதிகம் குடித்து உடல் எடை கூடியவர்களிடமே இது கூடுதலாகக் காணப்பட்டது. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரோடு நிற்காமல் உப்பும் இனிப்பும் சேருங்கள். ஒரு பக்கெற் ஜீவனியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்தால் போதும், விலை கூடிய பானம் தேவையில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவைப்படும். நமக்கு அதற்குப் பனங்கட்டி இருக்கிறது. சிறு துண்டுகளாக உடைத்துப் பையில் வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். போட்டிக் காலையில் புதிதாக எதையும் சாப்பிட வேண்டாம். இடியப்பம் பழக்கம் என்றால் இடியப்பம், பாண் என்றால் பாண். நோன்பு காலத்தில் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் உள்ளவர்கள் நோன்பு திறந்து இரண்டு மணித்தியாலம் கழித்து மெதுவாக ஓடினால் உடம்பு கெடாது. நீண்ட ஓட்டத்தை அந்த மாதம் விட்டுவிடலாம்.

கால் நோவுக்கு முன்கூட்டியே டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போட்டுக்கொண்டு ஓடும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். சப்பாத்து பற்றி ஒரு சொல்: போட்டிக்கென்று வாங்கியதைப் போட்டியன்று முதன்முதலாகப் போடக்கூடாது.

மேலதிகாரியும் சக ஊழியர்களும்

இதைத்தான் வழிகாட்டிகள் எழுதுவதில்லை. போட்டி பெரும்பாலும் ஞாயிறு விடியற்காலை. மன்னாரிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் ஓர் இரவு முழுவதும் போகும். சனி போய், ஞாயிறு ஓடி, அன்றிரவே பஸ் ஏறித் திங்கள் காலை கதிரையில் உட்காருகிறவர்கள் உண்டு. வீங்கிய காலோடு எட்டு மணித்தியாலம் மடங்கி இருப்பது உடம்புக்குச் செய்யும் கொடுமை. வேலையும் அன்று ஒழுங்காக நடக்காது. வெள்ளி மாலை புறப்படுங்கள், திங்கள் லீவு எடுங்கள். அந்த லீவை இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். சுகவீன லீவு போட்டு ஓடப் போகாதீர்கள். பதக்கத்தோடு நிற்கும் படம் திங்கட்கிழமைக்குள் கந்தோர் முழுக்கப் போய்விடும். பிறகு உண்மையாகவே காய்ச்சல் வந்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கேட்கும் விதம் முக்கியம். தாதி ஒருவர் வார்டுப் பொறுப்பாளரிடம், "சிஸ்டர், வாற மாதம் பதினைஞ்சாம் திகதி எனக்கு ஓட்டம் இருக்கு. அதுக்கு முதல் கிழமை ரெண்டு நைட் கூடச் செய்யிறன், ஓட்ட நாளையும் அடுத்த நாளையும் லீவாத் தருவியளோ?" என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். பட்டியல் ஒட்டிய பிறகு போய் நின்றால் யாரோ ஒருவருடைய வீட்டு விசேஷம் கெடும். உங்கள் ஓட்டத்தின் செலவைச் சக ஊழியர் தலையில் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்த வருடம் உங்களுக்காக மாறிக்கொடுக்க ஆள் இருக்காது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பொழுதுபோக்கு என்ற இடத்தில் "ஓட்டம்" என்று மட்டும் எழுதுவதில் பயன் இல்லை. போட்டியின் பெயர், தூரம், வருடம், முடித்த நேரம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்டால், வேலையையும் பயிற்சியையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லத் தயாராக இருங்கள். நான்கு மாதம் ஒரு திட்டத்தைப் பிடித்து முடித்தவர் என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள்; எத்தனையாவது இடம் என்பதை அல்ல.

போட்டியன்று செய்ய வேண்டியது ஒன்றே. முதல் 5 கிலோமீற்றரை, எல்லோரும் முந்திப் போகிறார்களே என்று மனம் அடித்துக்கொள்ளும் அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். முந்தியவர்களில் பலரை முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகு நடந்துகொண்டிருக்கக் காண்பீர்கள். தண்ணீர் மேசையில் காகிதக் கோப்பையின் வாயை விரலால் நசுக்கிப் பிடித்தால் சிந்தாமல் ஓடியபடியே குடிக்கலாம். நெஞ்சு நோவு, தலைசுற்று, வியர்வை திடீரென நிற்பது, இடம் தெரியாமல் தடுமாறுவது, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள். விட்ட போட்டி அடுத்த வருடமும் வரும்.

பெண்களுக்கு இங்கே ஓட ஆசை இருந்தும் இடம் இல்லை என்பதை நான் மனவருத்தத்தோடு சொல்கிறேன். பாடசாலை மரதனில் ஓடிய பிள்ளை வேலைக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிடுகிறாள். தனியே இருட்டில் ஓடச் சொல்ல என்னால் முடியாது. ஒரே கந்தோரில் நாலு பேர் சேர்ந்தால் வழி பிறக்கும்: ஒரே நேரம், ஒரே வழி, வீட்டாருக்குத் தெரிந்த ஒரு தொலைபேசி.

மாவட்டச் செயலகத்தின் விளையாட்டுப் பிரிவுக்கும், திணைக்களத் தலைவர்களுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தையிலும் மாசியிலும் நம்முடைய காலைகள் குளிர்ந்தவை, சோளகம் இல்லாதவை. தலைமன்னார் வீதியில் சரியாக அளந்த 10 கிலோமீற்றர், 21 கிலோமீற்றர் ஓட்டங்களை வேலை செய்யும் ஆண்களுக்கும் பெண்களுக்குமாக வருடந்தோறும் தவறாமல் நடத்துங்கள். ஒவ்வொரு 3 கிலோமீற்றருக்கும் ஒரு தண்ணீர் மேசை, ஒரு அம்புலன்ஸ், காலை எட்டரைக்குள் முடிவு. திகதியை மூன்று மாதத்துக்கு முன் அறிவித்தால் போதும், மிச்சத்தை நாங்கள் கடமைப் பட்டியலில் பார்த்துக்கொள்வோம்.