செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ. 320டி: எந்த வருட வண்டியை வாங்கலாம்?

பத்து வருடம் ஓடிய 320டி டீசல் இன்று ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்கே வந்துவிட்டது. 2007 முதல் செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பூட்டப்பட்டு வரும் 3 சீரிஸ் குடும்பத்து வண்டி, ஓட்ட அருமையானது. ஆனால் வருடம் பார்க்காமல் வாங்கினால் கார் விலையில் பாதி ரிப்பேருக்கே போகும்.

முதலில் ஆர்.சி.யில் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். பதிவு தேதி ஏமாற்றும். 2015 வரையிலான பெரும்பாலான வண்டிகளில் என்47 இன்ஜின். 2016-இல் இங்கே வந்த மேம்பட்ட மாடலில் பி47. இரண்டுமே 1995 சிசி, அதனால் சிசியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கங்களைக் கொடுத்தால் சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

என்47-க்கு எமன் டைமிங் செயின். அது இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்து அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். செலவில் பெரும்பங்கு அந்தக் கூலிதான். 2007 முதல் 2011 வரையிலான வண்டிகளில் செயின் மாற்றிய பில் இல்லையென்றால் பேரம் பேசவே வேண்டாம். 2012 முதல் 2015 வரை, காதால் கேட்டு முடிவெடுங்கள். என் ஓட்டு 2016-க்குப் பிந்தைய வண்டிக்கே.

எப்படிக் கேட்பது? காலையில் போங்கள். ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, 1500 முதல் 2000 ஆர்.பி.எம். வரை மெல்ல ஏற்றச் சொல்லி, கண்ணாடியை ஒட்டிய பக்கம் காதைக் கொடுங்கள். டீசலின் வழக்கமான தடதடப்புக்கு அடியில், தரையில் சங்கிலி இழுபடுவதுபோல் கரகரப்பு கேட்டால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது இ.ஜி.ஆர். கூலர், அதாவது இன்ஜினுக்கே திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் பாகம். 2018-இல் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் தீப்பிடித்தபின் பல நாடுகளில் இதைத் திரும்பப் பெற்று மாற்றினார்கள். இந்த வண்டியில் மாற்ற வேண்டியிருந்ததா, மாற்றியாயிற்றா என்று சேசிஸ் எண்ணை வைத்தே விசாரியுங்கள்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்காதீர்கள். டிக்கி தரையைத் தூக்கி, பேட்டரி இருக்கும் குழியில் சேற்றுக் கறை தேடுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியையும் பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள், நம்பாதீர்கள். கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் ஆயில் பேனோடு சேர்ந்தே வருவதால் பேனையும் மாற்ற வேண்டும். அதற்கான பில் இல்லையென்றால் அந்தத் தொகையை விலையில் கழித்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.