கீரைக்கும் கொய்யாவுக்கும் கணக்கு எழுதணுமா?

"மேடம், வாயில போடற ஒண்ணைக்கூட விடாம எழுதிட்டுத்தான் வர்றேன். அப்படியும் எடை இறங்க மாட்டேங்குதே!"

உணவு ஆலோசனைக்காக வந்திருந்த அந்தப் பள்ளி ஆசிரியைக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. 'எடையைக் குறையுங்கள், மாத்திரையைத் தள்ளிப்போடலாம்' என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சர்க்கரை நோயால் தன் அம்மாவின் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதனால் விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடு போட்ட நோட்டில், பரீட்சைத்தாள் திருத்துகிற அதே சிவப்பு மையில், ஒரு மாதக் கணக்கு!

புரட்டிப் பார்த்தேன். இட்லி, சாம்பார், வெண்டைக்காய், வெள்ளரித் துண்டு, கொத்தமல்லி... எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு எண். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. 'மாலை: கொய்யா 1 – 65' என்பதை அடித்துவிட்டு, 'பிஸ்கட் 2 – 50' என்று எழுதியிருந்தார்.

"ஏம்மா, கொய்யாவை அடிச்சிட்டீங்க?"

"பதினஞ்சு கலோரி மிச்சமாச்சே மேடம்! அதுவுமில்லாம பிஸ்கட்டுன்னா பாக்கெட்டுலயே போட்டிருக்கு. கொய்யாவுக்கு யார் எழுதி ஒட்டியிருக்காங்க?"

அங்கேதான் சிக்கலே இருந்தது. செல்போனிலோ நோட்டிலோ கலோரிக் கணக்கு எழுதத் தொடங்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சந்தேகம் வரும். காய்க்கும் பழத்துக்கும் கணக்கு வைக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? வாருங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

கலோரி எங்கிருந்து வருகிறது?

ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்தில் 4. ஒரு கிராம் கொழுப்பில் 9. தண்ணீரில் பூஜ்யம். இந்த நான்கு எண்களை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சுரைக்காய், புடலங்காய், பூசணிக்காய், வெள்ளரிக்காய் இவற்றிலெல்லாம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். மிச்சத்திலும் ஒரு பகுதி நார்ச்சத்து. நம் குடலால் அதை ஜீரணிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள கிருமிகள் ஓரளவு உடைத்துத் தருவதால் கொஞ்சம் சக்தி கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் 100 கிராம் வெள்ளரியில் சுமார் 15 கலோரி, தக்காளியில் 20, கோஸில் 25, பீன்ஸில் 30 என்றுதான் கணக்கு வரும். கேரட், பீட்ரூட்டை 'இனிக்குதே' என்று பயந்து ஒதுக்குகிறார்கள். அவற்றிலும் 40-ஐ ஒட்டித்தான்!

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்று சொல்லியிருக்கிறது. அந்த 400 கிராமும் நீர்க்காயாகவும் கீரையாகவும் இருந்தால் மொத்தமே சுமார் 100 கலோரி. மதியம் ஒரு கரண்டி சாதம் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அதே 100 வந்துவிடும். சாதக் கரண்டியைக் கவனிக்காமல் கொத்தமல்லிக்குக் கணக்கு எழுதினால் என்ன பிரயோஜனம்?

கோஸ் சாது... எண்ணெய்தான் பொல்லாது!

'அப்படியானால் பொரியலை எழுதவே வேண்டாம்' என்று நோட்டை மூடிவிடாதீர்கள். ஆசிரியையின் நோட்டில் இன்னொரு வரி இருந்தது: 'கோஸ் பொரியல் 1 கப் – 25.'

"எப்படிம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நாலு பேருக்கு அரை கிலோ கோஸ். மூணு பெரிய ஸ்பூன் எண்ணெய். கடைசியில ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல்."

கணக்குப் போட்டோம். அரை கிலோ கோஸில் சுமார் 120 கலோரி. 15 மில்லி பிடிக்கிற பெரிய ஸ்பூன் எண்ணெயில் 120. மூன்று ஸ்பூனுக்கு 360. தேங்காய்த் துருவல் 30 கிராமில் குறைந்தது 100. ஆக மொத்தம் 580. நாலாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு சுமார் 145. இதில் கோஸின் பங்கு 30 மட்டுமே!

ஆசிரியை எழுதியது 25, உள்ளே போனது 145. மதியம் ஒரு பொரியல், இரவு சப்பாத்திக்கு ஒரு கூட்டு என்றால் நாளைக்கு 200 கலோரிக்கு மேல் நோட்டில் ஏறாமலே வயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு சிரத்தையாக எழுதியும் எடை இறங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எனவே பொரியலில் காயை எழுதாதீர்கள், எண்ணெயையும் தேங்காயையும் எழுதுங்கள். இதற்குத் தினமும் ஸ்பூன் பிடித்து அளக்க வேண்டும் என்றுகூட இல்லை. மளிகைச் சீட்டைப் பாருங்கள், போதும். மேலே சொன்ன அதே வழிகாட்டியில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 27 கிராம் எண்ணெய், அதாவது இரண்டு பெரிய ஸ்பூன் என்று இருக்கிறது. பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். நெய்யும் இதில் சேர்த்தி! உங்கள் வீட்டுச் சீட்டில் ஐந்து லிட்டர் இருந்தால், கூடுதல் கலோரி எங்கிருந்து வருகிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

காய் வேஷத்தில் வரும் சாதம்

எல்லாக் காயும் நீர்க்காய் இல்லை. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், மரவள்ளி, சர்க்கரைவள்ளி எல்லாம் காய்கறிக் கூடையில்தான் வரும். ஆனால் குணத்தில் சாதத்துக்கு உறவு. 100 கிராம் உருளையிலும் சேனையிலும் 70 முதல் 100 கலோரி இருக்கும். சர்க்கரைவள்ளியில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மரவள்ளியில் 150-ஐத் தாண்டும்.

இவையெல்லாம் கெட்டவை என்று அர்த்தமில்லை. சாதத்தோடு உருளை வறுவல் என்றால் இரண்டு மாவுச்சத்து ஒரே தட்டில் சேர்கிறது. அன்றைக்கு ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவற்றை நோட்டில் 'காய்' என்று எழுதாமல் 'சாதம்' என்ற தலைப்பில் எழுதுங்கள். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு 'இதுவும் உருளைக்கிழங்குதானே' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல்!

பழத்துக்கு என்ன கணக்கு?

பழத்தில் சர்க்கரை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் துல்லியமாக எழுதுவது நடக்காத காரியம். செல்போனில் 'வாழைப்பழம் ஒன்று' என்று தட்டினால் 105 என்று வரும். அது வெளிநாட்டுக் கடையில் விற்கும் நடுத்தரப் பழத்துக்கான எண். நம்ம ஊர் ஏலக்கிப் பழத்தை உரித்தால் அதில் பாதிகூட இருக்காது. பெரிய நேந்திரம் பழமோ 200-ஐத் தொடும். மாம்பழத்தைத் தோல், கொட்டையோடு தராசில் வைத்துவிட்டு எழுதினால் அதுவும் தப்பு. அட்டவணையில் இருப்பது தின்னும் பகுதிக்கான அளவு மட்டும்தான். ஒரே கொய்யாவுக்கு ஓர் அட்டவணை 50 என்கும், இன்னொன்று 68 என்கும்.

ஆகவே பழத்தைக் கலோரியாக எழுதாமல் பங்காக எண்ணுங்கள். கீழே உள்ள ஒவ்வொன்றும் ஒரு பங்கு. உத்தேசமாக 50, 60 கலோரி வரும்:

• ஏலக்கி வாழைப்பழம் – 1
• கொய்யா, நடுத்தரம் – 1
• ஆரஞ்சு அல்லது சாத்துக்குடி – 1
• சின்ன ஆப்பிள் – 1
• சின்ன சப்போட்டா – 1
• மாம்பழம் – பாதி
• பப்பாளி – ஒரு கப் துண்டுகள்
• தர்பூசணி – ஒன்றரை கப் துண்டுகள்
• பலாச்சுளை – 3

எடை குறைக்க விரும்புகிறவர்களுக்கு நாளைக்கு இரண்டு பங்கு தாராளம். 'மாம்பழ சீசன்தானே' என்று உட்கார்ந்த இடத்தில் மூன்று பழம் சாப்பிட்டால், அது ஆறு பங்கு என்று எழுதுகிற நேர்மை வேண்டும்!

கடித்துச் சாப்பிடுங்கள், குடிக்காதீர்கள்

1977-ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஒரே ஆட்களுக்கு ஒரு நாள் முழு ஆப்பிள், ஒரு நாள் மசித்த ஆப்பிள், ஒரு நாள் ஆப்பிள் ஜூஸ் கொடுத்தார்கள். ஜூஸ் மளமளவென்று உள்ளே போனது, ஆனால் வயிறு நிறைந்த திருப்தியை அதுதான் குறைவாகத் தந்தது. ரத்தத்தில் இன்சுலின் ஏறியதும் முழுப் பழத்தைவிட ஜூஸுக்குத்தான் அதிகம். மெல்லுகிற வேலையும் நாரும் போய்விட்டால் பழம் பழமாக நடந்துகொள்வதில்லை.

ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று பழம் பிழிகிறோம். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டால் இன்னும் 60 கலோரி. அதனால் ஜூஸ் கட்டாயம் நோட்டில் ஏற வேண்டும். தண்ணீர் வற்றிய பழங்களும் அப்படித்தான். பேரீச்சை, திராட்சை வற்றல் 100 கிராமில் சுமார் 300 கலோரி. கையளவு திராட்சைப் பழமும் கையளவு திராட்சை வற்றலும் ஒன்றாகுமா?

அமெரிக்காவில் 1963-ல் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் என்ற எடைக் குறைப்பு நிறுவனம், ஒவ்வொரு உணவுக்கும் பாயிண்ட் போட்டு எண்ணச் சொல்லும். முன்பு பழத்துக்கும் பாயிண்ட் இருந்தது. 2010-ல் அந்தத் திட்டத்தை மாற்றியபோது, பெரும்பாலான பழங்களுக்கும் காய்களுக்கும் பூஜ்யம் என்று ஆக்கிவிட்டார்கள். ஜூஸுக்கும் உலர்ந்த பழத்துக்கும் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. கலோரி இல்லை என்பதால் பூஜ்யம் போடவில்லை. எண்ணுகிறவர்கள் பழத்தை விட்டு பாக்கெட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் இதிலுள்ள லாபம். நம் ஆசிரியையின் கொய்யா – பிஸ்கட் கதை ஞாபகம் வருகிறதா?

யார் கட்டாயம் கணக்கு வைக்க வேண்டும்?

• இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: பழம், கிழங்கு இரண்டின் அளவையும் உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இங்கே சொன்ன பங்கு பொதுவானது.

• சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: உங்களுக்குப் பிரச்னை கலோரி இல்லை, பொட்டாசியம். எந்தப் பழம், எந்தக் காய், எவ்வளவு என்பதை டாக்டர் சொன்னபடிதான் கேட்க வேண்டும்.

• மெலிந்துபோன முதியவர்கள், சாப்பிட அடம்பிடிக்கும் சின்னக் குழந்தைகள்: இவர்களுக்குக் கதை தலைகீழ். வெறும் நீர்க்காயால் சின்ன வயிற்றை நிரப்பிவிட்டால் தேவையான சக்தி கிடைக்காது. இவர்கள் தட்டில் எண்ணெயும் நெய்யும் பருப்பும் இருக்கட்டும்.

நோட்டில் மூன்று பக்கம் போதும்

1. எழுதவே வேண்டாம்: கீரை, நீர்க்காய், கோஸ், பீன்ஸ், வெண்டை, கத்தரி, தக்காளி, வெங்காயம், கேரட், வாழைத்தண்டு.

2. பங்கு மட்டும் எண்ணுங்கள்: முழுப் பழங்கள்.

3. அளந்து எழுதுங்கள்: சாதம், டிபன், கிழங்கு வகை, வாழைக்காய், எண்ணெய், நெய், தேங்காய், சர்க்கரை, ஜூஸ், உலர்ந்த பழம், பாக்கெட் தீனி.

அந்த ஆசிரியை அடுத்த மாதம் வந்தபோது நோட்டு இளைத்திருந்தது. நாளைக்கு இருபது வரி எழுதியவர் எட்டு வரியில் நிறுத்தியிருந்தார். பொரியலுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி போட்டு ஆவியில் வேகவைக்கப் பழகியிருந்தார். மாலையில் பிஸ்கட் நின்றுபோய் மறுபடி கொய்யா வந்திருந்தது. எடை ஒன்றரை கிலோ இறங்கியிருந்தது.

"ஒன்றரைதானா மேடம்?" என்று கேட்டார்.

"மாசத்துக்கு அது போதும்மா. அவசரப்பட்டுக் குறைச்சா அதே அவசரத்தில திரும்பி வந்துடும். அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் இதையே விடாம பண்ணுங்க."

இன்றைக்கு ராத்திரி உங்கள் நோட்டையும் எடுத்து வையுங்கள். கீரை வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தாளித்த எண்ணெயை எழுதுங்கள். கணக்கு தானாகச் சரியாகும்.