சாக்கடையில் உதவும் கிருமி, வயலில் கெடுக்கும் கிருமி

அங்கத்தினர்கள் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதுண்டு. 1877-78ஆம் வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க வெட்டப்பட்ட அப்பகுதியில் இன்று ஓடுவது பெரும்பாலும் சாக்கடை ஜலமே.

கழிவுநீரிலுள்ள அம்மோனியாவை ஒருவகைக் கிருமிகள் காற்றின் பிராணவாயுவைக் கொண்டு நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வேறுவகைக் கிருமிகள், பிராணவாயு கிடைக்காதவிடத்து, நைட்ரேட்டினின்றே அதைப் பிடுங்கிச் சுவாசித்து, நைட்ரஜனை வாயுவாக ஆகாயத்தில் விட்டுவிடுகின்றன. ஆகவே முன்னதற்குக் காற்று வேண்டும், பின்னதற்குக் காற்று ஆகாது. சுத்திகரிப்புத் தொட்டிகளை அவ்வாறே பிரித்து அமைக்கிறார்கள். பின்னவற்றிற்கு ஆகாரமும் அவசியம். அழுக்கை முற்றும் நீக்கிய நீரில் அவை பட்டினி கிடக்கும்! தேங்கிய கால்வாயிலோ முதல் வேலைக்கே காற்றுப் போதாது. அம்மோனியா அம்மோனியாவாகவே நிற்கிறது.

கால்வாயில் நாம் விரும்பும் இவ்வேலை வயலில் நமக்கு நஷ்டம். நன்செய் காயும்போது மண்ணில் நைட்ரேட் உண்டாகிறது; மறுபடி நீர் கட்டியதும் அது சேற்றில் வாயுவாகிப் பறந்துவிடுகிறது. சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய யூரியாவில் ஒரு பங்கு இவ்விதம் போகிறது. உரத்தை மேலே தூவுவதினும் சேற்றினுள் ஆழ இடுவது மேல் என்பது இதனாலேயே. காற்றுப்படாத அவ்வாழத்தில் அது அம்மோனியாவாகவே தங்கி வேருக்கு எட்டும்.