காளானில் குட்டிக்கரணம் போடும் வண்டு

கேள்வி: தோட்டத்தில் பட்டுப்போன மாமரத்தில், மழைக்குப் பிறகு அடுக்கடுக்காகக் காளான். அதைப் பிய்த்தால் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்பு வண்டுகள் உருண்டு உருண்டு குதிக்கின்றன. 'மாவு வண்டுதான், கொளுத்திவிடு' என்கிறார் அம்மா. உண்மையில் அது என்ன? எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஆலங்காயம்

பதில்: கொளுத்துவதற்கு முன் கேட்டீர்களே, வண்டுகள் சார்பில் நன்றி. அம்மாவையும் குறை சொல்ல முடியாது. மாவு வண்டும் அதே நிறம்தான், 3, 4 மி.மீ. நீளம்தான். ஆனால் அது ஓடும், குதிக்காது. காளானும் அதற்கு வேண்டாம், நம் வீட்டு ரவையும் மாவும் போதும்.

காலை எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றும். முன்கால், நடுக்கால் பாதங்களில் ஐந்தைந்து கணு, பின்காலில் நான்கு. வம்பு என்னவென்றால், மாவு வண்டு சேர்ந்த 'இருள் வண்டு' குடும்பத்துக்கும், நான் சந்தேகப்படும் 'போலி இருள் வண்டு' குடும்பத்துக்கும் (மெலாண்ட்ரியிடே) இதே கணக்குதான். ஆகவே தலையைப் பாருங்கள். மாவு வண்டின் உணர்கொம்பு முளைக்கும் இடத்தை, தாழ்வாரம்போல் நீண்ட ஒரு விளிம்பு மறைத்திருக்கும். போலி வண்டில் அந்த இடம் திறந்தே இருக்கும்.

குதிப்பதைச் சொன்னதும் எனக்கு நினைவு வந்த பேரினம் ஆர்கீசியா. 1807இல் பிரெஞ்சுக்காரர் லத்ரேய் வைத்த பெயர். கிரேக்கத்தில் நடனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பின்காலின் கெண்டைப் பகுதி முடியும் இடத்தில் இரண்டு நீண்ட முட்கள், சீப்புப்போல் பல் வைத்திருக்கும். அவற்றை ஊன்றித்தான் குட்டிக்கரணம். உணர்கொம்பின் நுனிக் கணுக்கள் தடித்துக் குண்டாந்தடிபோல் இருக்கும். உடல் படகு வடிவம், மேலே பட்டுப்போன்ற மெல்லிய மயிர். முதுகு முடிந்த பிறகும் வால் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருந்தால், அது பூக்களில் புரளும் வேறொரு குடும்பம்.

உங்கள் ஊருக்கு மேலே காவலூரில் விண்மீன் பார்க்க 2.34 மீட்டர் ஆடி தேவைப்படுகிறது. உங்களுக்குப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். காளான் துண்டைப் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். உள்ளே புழுவாகக் காளானைத் தின்று வளர்பவையும் வண்டாகி வெளியே வரும். அரிசிப் பானை பக்கமே அவை போகாது.

பார்க்கும் முன் பத்து நிமிடம் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தால் துள்ளல் அடங்கும். மறக்காமல் மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள்; அம்மா சீரகம் என்று எடுத்துவிடப் போகிறார்.