ஜல்லி போட்டும் வேர் ஏன் அழுகியது?

கேள்வி: கூடத்தில் வைக்க ஆசைப்பட்டு 14 அங்குலப் பீங்கான் தொட்டி வாங்கினேன். அடியில் ஓட்டை இல்லை. கடைக்காரர் சொன்னபடி நாலு விரற்கடை ஜல்லி பரப்பி, ஆற்றங்கரை வண்டலை நிரப்பி, சின்ன மணிபிளான்ட் ஒன்றை நட்டேன். வாரம் இருமுறைதான் தண்ணீர். இலை மஞ்சளாகி அடித்தண்டு கறுத்துவிட்டது. என் மாமியார் விரிசல் விட்ட பழைய மண் தொட்டியில் வைத்த அதே கொடி ஜன்னல்வரை ஏறிவிட்டது. ஏன் இப்படி?
— ஒரு வாசகி, திருவெண்ணெய்நல்லூர்

பதில்: மாமியாரின் கைராசி என்று விட்டுவிடாமல் காரணம் கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. கைராசிக்கு இதில் வேலையே இல்லை.

அடியில் ஜல்லியோ செங்கல் துண்டோ போட்டால் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும், மேல்மண் காற்றோட்டமாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நர்சரிக்காரர்களும் சொல்வதுண்டு. நடப்பதோ நேர்மாறு. மண் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகள் மிகக் குறுகியவை. அவை நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதுதான் நுண்புழை ஈர்ப்பு. ஜல்லியின் அகலச் சந்துகளுக்கு அந்த இழுவை கிடையாது. அதனால் மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறிச் சொதசொதத்த பிறகுதான் ஜல்லிக்குள் நீர் சொட்டும். சொட்டு நின்ற பிறகும் ஊறிய அடுக்கு ஒன்று மண்ணில் அப்படியே நிற்கும். இதைத் தொங்கு நீர்மட்டம் எனலாம். கீழே இடம் இருந்தும் இறங்காத நீர். தொட்டியின் அடியில் கிடந்திருக்க வேண்டிய அந்த ஈரத்தை ஜல்லி நாலு விரற்கடை மேலே, வேருக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டது. கசிந்த கொஞ்ச நீரும் ஓட்டை இல்லாததால் ஜல்லிக்குள்ளேயே தேங்கிவிட்டது.

இந்த ஈர அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் தன்மை. தொட்டியின் ஆழம் அல்ல. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். ஒரே மண்ணை நிரப்பினால் தட்டையான தொட்டியைவிட உயரமான தொட்டி நன்றாக வடிவது இதனால்தான். வண்டல் மிக நுண்ணிய மண். தென்பெண்ணைக் கரை வயலுக்கு அது வரம், தொட்டிக்குள் வடியாத சேறு.

‘மணிபிளான்ட் பாட்டில் தண்ணீரிலேயே வளர்கிறதே!’ என்று அடுத்து கேட்பீர்கள். நல்ல கேள்விதான். பாட்டிலில் தண்ணீரை அவ்வப்போது மாற்றுகிறோம். அங்கே முளைக்கும் வேர்களும் அதற்கேற்ற அமைப்போடு வருகின்றன. மண்ணில் வளர்ந்த வேருக்கு அந்த வசதி இல்லை. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. அந்தச் சொற்ப ஆக்சிஜனையும் மண்ணின் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். மூச்சுத் திணறிய வேரைப் பித்தியம் முதலான, பூஞ்சையை ஒத்த கிருமிகள் பிடித்துக்கொள்ளும். அடித்தண்டு கறுத்தது அப்படித்தான்.

பெரிய தொட்டியில் செடி சீக்கிரம் பெருக்கும் என்ற எண்ணமும் இதில் சேர்ந்துகொண்டது. வேர் எட்டாத மண்ணின் ஈரத்தை உறிஞ்ச ஆள் இல்லை. அது நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். தொட்டி மாற்றும்போது, செடி அதுவரை இருந்த தொட்டியைவிட 2 அங்குலம் அகலம் கூடினால் போதும்.

மாமியாரின் தொட்டிக்கு வருவோம். மெருகு பூசாத சுடுமண் முழுக்க நுண்துளைகள். நீர் பக்கச் சுவர் வழியாகக் கசிந்து ஆவியாகும், மண்ணும் சற்றுக் குளிரும். வெளிப்புறம் பூக்கும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போர் தண்ணீரின் உப்புதான். உங்கள் பீங்கானில் மெருகுப் பூச்சு, அதாவது சூளையில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு, இருப்பதால் சுவர் வழியே ஒரு சொட்டும் போகாது. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி போன்ற கூடங்களின் மெருகிட்ட கலங்கள் அழகுதான். ஆனால் அழகுக்கும் அடியில் ஓட்டை வேண்டும். பக்கத்து வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. தொட்டி வாங்க அந்தப் பக்கம் போனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக, மாமியார் தொட்டியின் விரிசல் குறையே அல்ல, கூடுதல் வடிகால்!

எல்லாச் செடிக்கும் மண் தொட்டி என்று நான் சொல்லமாட்டேன். பெரணி, பீஸ் லில்லி போன்ற ஈரம் விரும்பிகள் சித்திரை வெயிலில் அதில் வாடிவிடும். ஓட்டையுள்ள பிளாஸ்டிக் அவற்றுக்கு மேல். ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ பிளான்ட் போன்றவை தமக்குள்ளேயே நீரைச் சேமிப்பவை. அவற்றுக்குச் சுடுமண்ணே சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது மண் தொட்டியும் மெதுவாகத்தான் காயும். நாள்கணக்குப் பார்க்காமல், விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

கொடியின் பச்சையான நுனிகளைக் கணுவோடு வெட்டி, 6 அங்குல மண் தொட்டியில் நடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு போதும். ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். அது மண் ஒழுகாமல் தடுக்க மட்டுமே. பீங்கானைத் தூக்கிப் போட வேண்டாம். ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் செடியை வளர்த்து, அதைப் பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுத்து, நன்றாக வடிந்த பிறகு திரும்ப வைக்க வேண்டும்.